ஒரே முகவரியில் இரண்டு ஸ்டாக்: ஐந்து ஸ்விட்ச்சுகள் பிளந்து நின்ற ஒரு காலை

ஒரு அலுவலகக் கட்டடத்தின் இரண்டு தளங்களுக்கு இணைப்புத் தந்துகொண்டிருந்த ஐந்து ஸ்விட்ச்சுகளில் (கணினி, ஃபோன், பிரிண்டர்களின் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிகளில்) ஒரு வேலை நாள் காலையில் என்ன நடந்தது என்பதன் முழு விவரம் இது. அந்த நெட்வொர்க்குக்கு அப்போது நான் பொறுப்பு. கோளாறு நீடித்தது 69 நிமிடம். அதில் 36 நிமிடம், என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே போய்விட்டது. எங்கள் கண்காணிப்புத் திரை அந்த 69 நிமிடமும் பச்சையாகவே இருந்தது. இதை எழுத வைத்தது அந்தப் பச்சை நிறம்தான்.

அமைப்பு எப்படி இருந்தது

ஒவ்வொன்றிலும் 48 போர்ட் கொண்ட ஐந்து ஸ்விட்ச்சுகள், ஒரே ரேக்கில், ஒன்றின் கீழ் ஒன்றாக. பின்பக்கம் ஸ்டாக் கேபிள்கள்: 1-இலிருந்து 2, 2-இலிருந்து 3 என்று இறங்கி, கடைசியில் 5-இலிருந்து நீளமான ஒரு கேபிள் மேலேறி 1-இல் முடியும். அதாவது ஒரு ரிங். மாஸ்டர் 1, ஸ்டாண்ட்பை 5. மற்ற மூன்றும் வெறும் உறுப்பினர்கள்.

ஸ்டாக் என்ற ஏற்பாடு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஐந்து பெட்டிகளும் சேர்ந்து ஒரே ஸ்விட்ச்சாக நடந்துகொள்ளும். ஒரே ஐ.பி. முகவரி, ஒரே கான்ஃபிக் (அமைப்பு விவரம்), ஒரே மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்). முடிவெடுக்கும் மூளை மாஸ்டரில் இருக்கும்; ஸ்டாண்ட்பை அதன் நகலைத் தயாராக வைத்திருக்கும். சிஸ்கோ 2003-இல் 3750 வரிசையோடு கொண்டுவந்த ஸ்டாக்வைஸ் ஒன்பது ஸ்விட்ச் வரை சேர்த்தது. ஜூனிப்பரின் விர்ச்சுவல் சேஸிஸ் ஈ.எக்ஸ்.4200-இல் பத்து வரை போனது. பெயரும் கேபிளும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஒருவருடையது இன்னொருவருடையதோடு சேராது. அடிப்படை யோசனை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

எங்கள் ஸ்டாக்கிலிருந்து, நெட்வொர்க்கின் மையமான கோர் ஸ்விட்ச்சுக்கு இரண்டு ஃபைபர் அப்லிங்க், அதாவது மேலேறும் இணைப்பு. ஒன்று 1-ஆம் உறுப்பினரிலிருந்து, மற்றது 5-ஆம் உறுப்பினரிலிருந்து. இரண்டையும் எல்.ஏ.சி.பி. (பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் நெறிமுறை) மூலம் ஒரே கட்டாக்கி, அந்தக் கட்டை ரவுட்டட் போர்ட்டாக, அதாவது வி-லேன்கள் கடக்காத ஐ.பி. வழியாக, வைத்திருந்தோம். வி-லேன்களின் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்குகளின்) வெளிவாசலான கேட்வே எல்லாம் ஸ்டாக்கிலேயே இருந்தன. கோருக்கும் ஸ்டாக்குக்கும் இடையில் ஸ்டாட்டிக் ரூட், அதாவது கையால் எழுதிவைத்த வழி. ஒரு ஸ்விட்ச் செத்தாலும், ஒரு ஃபைபர் அறுந்தாலும் மற்றது தாங்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு இல்லை. கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது.

காலை 9:22

கோளாறு தொடங்கியது 9:22-க்கு என்று பிறகுதான் தெரிந்தது. முதல் தொலைபேசி அழைப்பு 9:30-க்கு வந்தது. "மணி அடிக்குது, எடுத்தா குரலே கேக்கல" என்றார் ஒருவர். அடுத்தவர், பக்கத்து அறை பிரிண்டர் காணவில்லை என்றார். இன்னொருவருக்கு ஒரு இணையதளம் திறந்தது, மற்றொன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு அதே தளம் உடனே திறந்தது. அப்போதுதான் கணினியைத் திறந்த சிலருக்கு ஐ.பி. முகவரியே கிடைக்கவில்லை, முன்பே திறந்து வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இப்படித் துண்டு துண்டாகப் புகார் வரும்போது மனம் முதலில் சர்வர் பக்கம்தான் போகிறது. தளப் பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ்.-ஆ, கணினிகளுக்கு ஐ.பி. முகவரி தரும் டி.ஹெச்.சி.பி.-யா, ஃபயர்வாலா என்று பார்த்தோம். ஸ்டாக்கை பிங் செய்தேன், அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு பதில். அப்லிங்க் இரண்டும் கோரில் மேலே இருந்தன, எல்.ஏ.சி.பி. கட்டும் முழுசாக இருந்தது. சரி, பயனர்கள் இணையும் அக்ஸஸ் பக்கம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி இருபது நிமிடம் தவறான இடத்தில் தேடினேன்.

வழி திறந்தது தற்செயலாக. நானும் சக பொறியாளரும் ஒரே நேரத்தில், அவரவர் கணினியிலிருந்து, அதே ஐ.பி.-க்கு எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலிருந்து நுழையும் வழி) மூலம் நுழைந்திருந்தோம். உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்த அவர், "சார், 3, 4, 5 மூணும் இல்லைன்னு காட்டுது" என்றார். என் திரையில் 3, 4, 5 மூன்றும் நலமாக இருந்தன. 1-உம் 2-உம்தான் இல்லை. ஒரே முகவரி, ஒரே கட்டளை, இரண்டு விடை. நான் வெளியேறி மறுபடி நுழைந்தேன். இப்போது எனக்கும் அவருக்கு வந்த பட்டியலே வந்தது. அப்போது மணி 9:58.

சீரியல் கேபிளை எடுத்துக்கொண்டு ரேக்குக்குப் போய், 1-இலும் 5-இலும் கன்சோலில் தனித்தனியாக நுழைந்து பார்த்தபோது சந்தேகம் உறுதியானது. ஸ்டாக் இரண்டாகப் பிளந்திருந்தது. 1, 2 ஒரு பாதி; 3, 4, 5 இன்னொரு பாதி. ஸ்டாண்ட்பையாக இருந்த 5, மாஸ்டர் செத்துவிட்டது என்று நினைத்து, தான் கற்றுக்கொண்டபடி சரியாகவே மாஸ்டர் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தது. மாஸ்டரும் சாகவில்லை. இரண்டு மாஸ்டர்கள், ஒரே ஐ.பி., ஒரே மேக், ஒரே கான்ஃபிக்.

ஏன் பாதி பாதியாக வேலை செய்தது

இந்த இடத்தில் நிதானமாக நிற்க விரும்புகிறேன். அறிகுறிகள் எல்லாம் குழப்பமாகத் தெரிந்தாலும், ஒவ்வொன்றுக்கும் துல்லியமான காரணம் இருக்கிறது.

கோர் ஸ்விட்ச்சுக்குப் பிளவு தெரியவே தெரியாது. எல்.ஏ.சி.பி. எதிர்முனையை அடையாளம் காண்பது அது அனுப்பும் சிஸ்டம் ஐ.டி.-யை வைத்து, அது மேக் முகவரியிலிருந்து வருவது. இரண்டு பாதிகளும் பழைய மேக்கையே வைத்துக்கொண்டதால், இரண்டு ஃபைபரிலும் அதே சிஸ்டம் ஐ.டி. வந்துகொண்டிருந்தது. கோர் தன் பங்குக்கு ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் (இரு முனைகளுக்கு இடையிலான ஒவ்வொரு உரையாடலுக்கும்) ஐ.பி. முகவரிகளையும் போர்ட் எண்களையும் (இவை ஸ்விட்ச்சின் போர்ட் அல்ல, மென்பொருள் இணைப்பின் எண்) ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கில் போட்டு, இரண்டில் ஒரு ஃபைபரில் பாக்கெட்டைப் போட்டது.

மேலே போகும் பாக்கெட் எந்தப் பாதியிலிருந்து கிளம்பினாலும் போய்ச் சேரும், ஏனென்றால் இரு பாதிக்கும் தனக்கென ஒரு அப்லிங்க் இருந்தது. திரும்பி வரும் பாக்கெட்டுக்குத்தான் சிக்கல். 2-ஆம் உறுப்பினரில் இருக்கும் கணினிக்கான பதிலை, கோர் 5-க்குப் போகும் ஃபைபரில் போட்டுவிட்டால், அந்தப் பாதி தன்னிடம் இருக்கும் போர்ட்டுகளில் அந்தக் கணினியைத் தேடும், காணாது, பாக்கெட் அங்கேயே மடியும். ஹாஷ் சரியாக விழுந்த ஃப்ளோ பிழைக்கும், தவறாக விழுந்தது சாகும். ஒரு தளம் திறந்து இன்னொன்று திறக்காததும், பக்கத்து மேசையில் அதே தளம் திறந்ததும் இதனால்தான்.

இரு பாதிக்கும் இடையிலான போக்குவரத்து முழுவதுமாக நின்றுபோனது. தொலைபேசியின் மணி, கோருக்கு அப்பால் இருக்கும் கால் சர்வர் வழியாக வருகிறது. ஹாஷ் அதிர்ஷ்டம் இருந்தால் அடிக்கும். குரல் மட்டும் ஒரு ஃபோனிலிருந்து மற்ற ஃபோனுக்கு நேரடியாகப் போகும். ஒன்று இந்தப் பாதி, மற்றது அந்தப் பாதி என்றால் குரல் போக வழியே இல்லை. பிரிண்டரும் அதே கதை.

டி.ஹெச்.சி.பி. இன்னும் சுவாரசியம். சர்வர் தன் பதிலை வி-லேனின் கேட்வே முகவரிக்கு அனுப்புகிறது. சர்வர் முகவரியும் கேட்வே முகவரியும் போர்ட் எண்ணும் மாறாதவை என்பதால், ஒரு வி-லேனுக்கான பதில்கள் எல்லாம் எப்போதும் ஒரே ஃபைபரில்தான் விழும். எனவே ஒவ்வொரு வி-லேனிலும் ஒரு பாதிக்கு முகவரி கிடைத்தது, மறு பாதிக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பச்சை நிறத்துக்கு வருகிறேன். கண்காணிப்பு சர்வர் செய்தது பிங். பிங்கில் போர்ட் எண் கிடையாது. இரண்டு முனைகளின் ஐ.பி.-யும் மாறாது. அதனால் அது ஹாஷில் எப்போதும் ஒரே பாதிக்குப் போனது. இரு பாதியிலும் அந்த ஐ.பி. இருப்பதால், போன இடத்தில் பதில் கிடைத்தது. எஸ்.எஸ்.ஹெச். அப்படி இல்லை. ஒவ்வொரு முறை நுழையும்போதும் என் கணினி வேறு போர்ட் எண்ணை எடுக்கும், ஹாஷ் மாறும், வேறு பாதியில் போய் நிற்பேன். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நுழையாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நேரம் அலைந்திருப்போமோ.

மேக் முகவரியைப் பற்றி ஒரு சொல். மாஸ்டர் மாறும்போது மேக்கும் உடனே மாறும் ஸ்டாக்குகள் உண்டு. சிஸ்கோ 3750-இல் தொடக்கநிலை அமைப்பே அப்படித்தான். அது தொல்லை என்பதால் பழைய மேக்கையே தொடர்ந்து வைத்திருக்கும்படி அமைப்பது வழக்கம், நானும் அப்படித்தான் அமைத்திருந்தேன். மாஸ்டர் நிஜமாகவே செத்தால் அந்த அமைப்பு ஒரு வரம்: எல்.ஏ.சி.பி. கலையாது, யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மாஸ்டர் சாகாமல் ஸ்டாக் மட்டும் பிளந்தால் அதே அமைப்பு பிளவை மூடி மறைக்கிறது. மேக் மாறியிருந்தால் சிஸ்டம் ஐ.டி. வேறுபட்டு, கோர் ஒரு ஃபைபரைக் கட்டிலிருந்து தள்ளியிருக்கும். ஒரு பாதி சுத்தமாக இருண்டிருக்கும், பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம். அதற்காக அந்த அமைப்பை நான் திரும்ப மாற்றவில்லை. மாஸ்டர் சாவது பிளவைவிட அதிகம் நடக்கக்கூடியது.

கேபிளை உடனே சொருகவில்லை

ரேக்கின் பின்பக்கம் 2-க்கும் 3-க்கும் இடையிலான ஸ்டாக் கேபிள் 3-ஆம் ஸ்விட்ச்சில் பாதி வெளியே வந்து நின்றது. அன்று காலை ஒருவர் பேட்ச் கேபிள் கற்றை ஒன்றை இழுத்திருக்கிறார். கை தானாக அந்தக் கேபிளை அழுத்தப் போனது. சக பொறியாளர்தான் தடுத்தார், அதற்கு நான் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன்.

உயிரோடு இருக்கும் இரண்டு ஸ்டாக்குகளைச் சேர்த்தால், இரண்டு மாஸ்டர்களுக்கும் இடையில் தேர்தல் நடக்கும். தோற்ற பக்கத்து ஸ்விட்ச்சுகள் எல்லாம் ரீபூட் ஆகி, வென்ற பக்கத்தின் கான்ஃபிக்கை ஏற்றுக்கொண்டு உறுப்பினராகச் சேரும். எந்தப் பக்கம் தோற்கும் என்பதை நாம் முடிவு செய்யவில்லை என்றால் ஸ்விட்ச் முடிவு செய்யும். அதோடு, பிளந்திருந்த நேரத்தில் இரு பக்கமும் தனித்தனியாக இயங்கியிருக்கின்றன. இடையில் 9:45 வாக்கில் என் சக பொறியாளர் சில போர்ட்டுகளின் வி-லேனை மாற்றிப் பார்த்திருந்தார். அந்த மாற்றம் எந்தப் பாதியில் விழுந்தது என்று அவருக்கே தெரியாது. கன்சோல் வழியாக இரு பாதியின் ஓடும் கான்ஃபிக்கையும் எடுத்து ஒப்பிட்டோம். மாற்றம் 3, 4, 5 பக்கம் இருந்தது.

1, 2 பக்கம் பிழைக்கட்டும் என்று முடிவெடுத்தோம். மறுபக்கம் 144 போர்ட். பயனர் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தலைகீழாக முடிவெடுத்திருக்க வேண்டும். ஆனால் தொடப்படாத கான்ஃபிக் 1-இல் இருந்தது, 3-இன் ஸ்டாக் போர்ட்டை எப்படியும் அணைத்துப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. 10:14-க்கு 3, 4, 5 மூன்றையும் மின்சாரம் அணைத்தோம். அணைத்த மறுகணமே மேல் பாதிக்காரர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, ஏனென்றால் கோருக்கு இப்போது ஒரே ஃபைபர்தான். கேபிள்களைச் சரியாகச் சொருகி, திருகை இறுக்கி, ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தோம். அணைந்த நிலையில் கேபிள் சொருகப்பட்டு எழும் ஸ்விட்ச் தேர்தலுக்கு நிற்காது, இருக்கும் மாஸ்டரிடம் உறுப்பினராகச் சேரும். 10:31-க்கு ஐந்தும் ஒன்றாயின.

கேபிள்கள் என்று பன்மையில் எழுதினேன். அங்கேதான் உண்மையான காரணம் இருந்தது.

பதினோரு வாரம்

ரிங் என்பது ஒரு இடத்தில் அறுந்தாலும் பிளவுபடாது. சங்கிலியாக மாறும், கொள்ளளவு பாதியாகும், அவ்வளவுதான். அன்று 2-க்கும் 3-க்கும் இடையிலான கேபிள் மட்டும் கழன்றிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பிளவு வர இரண்டாவது அறுப்பு தேவை. 5-இலிருந்து 1-க்கு ஏறும் நீளக் கேபிளும் கழன்றுதான் இருந்தது, திருகு இறுக்கப்படாமல்.

ஸ்விட்ச்சுகளின் பதிவுகள் வந்து சேரும் சிஸ்லாக் சர்வரில் தேடினோம். 9:22-க்கு இரு பாதிகளிலிருந்தும் ஒரே முகவரியின் பெயரில் செய்திகள் கலந்து வந்திருந்தன. அதற்கும் முன்னால் போய்த் தேடியபோது, பதினோரு வாரத்துக்கு முந்தைய ஒரு மாலையில் ஒற்றை வரி: 1-ஆம் உறுப்பினரின் ஸ்டாக் போர்ட் ஒன்று கீழே போனது. அதே மாலை அந்த ஸ்விட்ச்சின் பவர் சப்ளையை மாற்றியிருந்தோம், பின்பக்கமாகக் கைவிட்டு. மாற்றியது நான்தான். வேலை முடிந்து பிங் செய்து பார்த்தேன், பதில் வந்தது, கதவைப் பூட்டினேன்.

பதினோரு வாரம் அந்த ஸ்டாக் தன் மாற்று வழியை இழந்து ஓடியிருக்கிறது. ஒரு வரியில் அது சொல்லியும் இருக்கிறது. ஐந்து பெட்டிகளை ஒரே ஸ்விட்ச் என்று நிர்வகிக்கப் பழகியபின், ஒரே ஸ்விட்ச் என்றே கண்காணிக்கவும் தொடங்கியிருந்தோம். கான்ஃபிக்குக்கு அது ஒன்று. மின்சாரம், கேபிள், வெப்பம், திருகு இவற்றுக்கு அது ஐந்து.

பிறகு மாற்றியவை

முதல் வேலை கண்காணிப்பு. ஸ்டாக்கின் உள் விவரத்தை எஸ்.என்.எம்.பி. (சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியாகக் கேட்க ஏற்பாடு இருக்கிறது; எதையெல்லாம் கேட்கலாம் என்ற பட்டியலுக்கு மிப் என்று பெயர். 1999-இல் வந்த ஆர்.எஃப்.சி. 2737-இன் என்டிட்டி மிப், 'ஸ்டாக்' என்பதை ஒரு தனி வகையாகவே வைத்து, அதன் கீழ் ஒவ்வொரு பெட்டியையும் சீரியல் எண்ணோடு பட்டியலிட வழி செய்கிறது. ஐந்து சீரியல் எண்களும் இருக்கின்றனவா என்று நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறோம். ஒன்று குறைந்தாலும் எச்சரிக்கை. ரிங் முழுமையா என்பதைத் தயாரிப்பாளரின் தனி மிப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஸ்டாக் போர்ட் பற்றிய சிஸ்லாக் வரி எது வந்தாலும், அதன் தீவிரநிலை எண் என்னவாக இருந்தாலும், நேராகப் பணியில் இருப்பவரின் கைப்பேசிக்குப் போகிறது. இந்த ஒரு விதி அன்றே இருந்திருந்தால் இந்த ஆய்வே இல்லை.

இரண்டாவது, பிளவைக் கண்டறிதல். ஸ்விட்ச்சில் வசதி இருந்தது, நாங்கள் இயக்கியிருக்கவில்லை. 1-க்கும் 5-க்கும் இடையே சாதாரண போர்ட்டில் ஒரு தனிக் கேபிள் போட்டோம். ஸ்டாக் கேபிள்கள் இரண்டும் போனாலும், இந்தக் கேபிள் வழியாக இரண்டு மாஸ்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும். தோற்றது தன் பயனர் போர்ட்டுகளையும் அப்லிங்க்கையும் தானே மூடிக்கொள்ளும். பாதிப் பேருக்கு இணைப்பு போகும்தான். ஆனால் போனது போனதாகத் தெரியும். இதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க முடியாது. இரண்டே பெட்டிகள் கொண்ட விர்ச்சுவல் சேஸிஸில் பிளவுக் கண்டறிதலை அணைத்துவைக்கும்படி ஜூனிப்பரே சொல்கிறது. பெட்டி எத்தனை, அப்லிங்க் எங்கே என்று வரைந்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

3-ஆம் ஸ்விட்ச்சின் ஸ்டாக் போர்ட்டில் திருகு மரை தேய்ந்து, இறுக்கினாலும் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் ஸ்விட்ச்சையே மாற்றினோம். புதியதை மேசையில் வைத்தே மென்பொருள் பதிப்பைச் சமமாக்கி, பழைய கான்ஃபிக்கைத் துடைத்து, உறுப்பினர் எண்ணை 3 என்றும் முன்னுரிமையை (மாஸ்டர் தேர்தலில் பார்க்கப்படும் எண்ணை) கடைசியாகவும் வைத்து, அணைத்து, பிறகுதான் ரேக்குக்கு எடுத்துப் போனோம். பதிப்பு வேறாக இருந்தால் அது ஸ்டாக்கில் சேர்ந்தும் சேராமல் நிற்கும், ஒரு போர்ட்டும் வேலை செய்யாது.

முன்னுரிமைகளையும் ஒழுங்கு செய்தோம். அதுவரை எல்லாம் தொடக்கநிலை எண்ணிலேயே இருந்தன. 1 மாஸ்டரானதும் 5 ஸ்டாண்ட்பை ஆனதும் யாரும் திட்டமிட்டது இல்லை. இப்போது 1-க்கு மிக உயர்ந்த எண், 5-க்கு அதற்கு அடுத்தது, மற்றவற்றுக்குக் கீழே. அப்லிங்க்குகளை இடம் மாற்றவில்லை. கேபிள்களின் இரு முனையிலும் எந்த உறுப்பினர், எந்தப் போர்ட் என்று ஒட்டினோம். ரேக்கின் பின்பக்கம் கைவைக்கும் எந்த வேலையும், ரிங் முழுமையாக இருக்கிறது என்ற திரைப் பதிவோடுதான் முடிவதாகக் கணக்கு.

கோரையும் ஸ்டாக் ஆக்கலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் மாடலில் மென்பொருள் மாற்றினால் ஐந்தும் ஒன்றாக ரீபூட் ஆகும்; ஒரு மூளை குழம்பினால் ஐந்தும் குழம்பும். அக்ஸஸ் பக்கத்தில் அதை இரவு நேரத்தில் தாங்கிக்கொள்ளலாம். கோரில் இரண்டு பெட்டி வைப்பதென்றால், தனித்தனி மூளையோடு இருந்து எல்.ஏ.சி.பி.-க்கு மட்டும் ஒன்றாகத் தெரியும் ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஒரு சனிக்கிழமை இரவு சோதனை

எல்லாம் முடிந்தபின் நாங்களே ரிங்கை அறுத்துப் பார்த்தோம். முதலில் 5-1 கேபிள். ஒரு நிமிடத்துக்குள் இருவர் கைப்பேசியிலும் எச்சரிக்கை வந்தது, சேவையில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு 2-க்கும் 3-க்கும் இடையிலான கேபிள். 5 மாஸ்டரானது, தனிக் கேபிளில் 1-ஐப் பார்த்தது, தன் பாதியின் போர்ட்டுகளை மூடியது. கோரில் ஒரு ஃபைபர் கீழே போனது. பிங் திரை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. பக்கத்துத் திரையில் மூன்று சீரியல் எண்கள் சிவப்பாக எரிந்தன. இணைக்கும்போது அணைத்துவிட்டு இணைத்தோம். 3-ஆம் உறுப்பினர் எழ மற்றவற்றைவிட இரண்டு நிமிடம் கூடுதலாக எடுத்தது. அதற்கான காரணத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.